சென்டர் பேக் கோச் ஆகும்போது: அகாடமியா, உதவியாளரா, நேரே தலைமையா?

34 வயதுக் கால்பந்து சென்டர் பேக் ஒருவர், பின்வரிசையின் நடுவில் நின்று கோலைக் காப்பவர். வலது முழங்காலில் இரண்டு முறை கத்தி பட்டாயிற்று. இந்த சீசனோடு போதும் என்று முடிவு செய்துவிட்டார். கையில் மூன்று அழைப்புகள். பழைய கிளப் தன் அகாடமியில், அதாவது இளையோர் பயிற்சிப் பள்ளியில், 17 வயதுக்குட்பட்டோர் அணியைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. முன்பு அவருக்குக் கோச்சாக இருந்தவர் இப்போது வேறொரு கிளப்பில் தலைமைப் பயிற்சியாளர். "உதவியாளரா என்கூட வந்துடு" என்கிறார். இரண்டு பிரிவு கீழே இருக்கும் ஒரு கிளப் தலைமைப் பொறுப்பையே தருகிறோம் என்கிறது. எதை எடுப்பது?

இந்தக் கேள்வி என்னிடம் பல உருவங்களில் வந்திருக்கிறது. கேட்பவர்களில் பின்கள ஆட்டக்காரர்களே அதிகம். அதில் ஆச்சரியமில்லை. சென்டர் பேக்குக்கு ஆட்டம் முழுக்கக் கண்ணெதிரே நடக்கிறது. முதுகுக்குப் பின்னால் கோல்கீப்பர் மட்டும்தான். 90 நிமிடமும் வாய் ஓயாது: "ஏறு", "விடாதே", "உள்ளே வா", "பின்னாடி ஆள்". பதினைந்து வருடம் இப்படிக் கத்தியவருக்கு, கோட்டுக்கு வெளியே நின்று அதையே தொடர்வதுதான் பயிற்சி என்று தோன்றும். பாதி உண்மை.

மீதிப் பாதியை எனக்குச் சொல்லித் தந்தவர்கள் 15 வயதுப் பையன்கள். நான் கோச்சாக நின்ற முதல் சீசனில், நான்கு பேர் பின்வரிசை பந்தோடு சேர்ந்து நகர்வதை மூன்று வாரம் சொல்லிக் கொடுத்தேன். கயிறு கட்டி இழுத்ததுபோல நகர்ந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் ஆட்டங்கள் வந்தன: 0-0, 0-0, 0-1. சரி, தாக்குதல் பயிற்சி வைப்போம் என்று ஒரு மாலை கூம்புகளை வைத்துவிட்டு, "இந்தப் பக்கம் சுதந்திரமா ஆடுங்க" என்றேன். இடது விங்கர் பையன், அதாவது இடது ஓரமாகத் தாக்குபவன், நின்று கேட்டான்: "சார், நான் உள்ளே வந்தா வெளியே யாரு போறது?" என்னிடம் பதில் இல்லை. ஒரு விங்கர் உள்ளே வந்தால் அவனை எப்படி நிறுத்துவது என்று எனக்கு ஆறு வழி தெரியும். அவனை எப்படி அனுப்புவது என்று ஒரு வழியும் தெரியாது.

ஆகவே கீழே உள்ள ஒப்பீட்டில் நான் அதிகம் பார்ப்பது ஒன்றைத்தான்: எந்த நாற்காலி உங்களைத் தாக்குதல் கற்றுக்கொடுக்கக் கட்டாயப்படுத்தும், அங்கே நீங்கள் செய்யும் தப்புக்கு யார் விலை கொடுப்பார்கள்?

எதை வைத்து எடை போடுவது

முதலாவது, தப்புக்கு இடம். முதல் வருடத்தில் தப்பு நிச்சயம். அது 17 வயதுப் பையன்கள் ஆடும் ஆட்டத்தில் நடக்கலாம், நாற்பதாயிரம் பேர் முன்னாலும் நடக்கலாம்.

இரண்டாவது, முடிவு யார் கையில். பதினொரு பேரைத் தேர்வு செய்வது, ஒருவரை வெளியே உட்காரவைப்பது, 60-வது நிமிடத்தில் ஆளை மாற்றுவது. இவற்றைச் செய்யாமல் கற்க முடியாது.

மூன்றாவது, தாக்குதல் பாடம். மேலே சொன்னதுதான்.

நான்காவது, பெயரின் ஆயுள். ஆட்டக்காரராக நீங்கள் சம்பாதித்த பெயர் ஓய்வு பெற்ற அன்றிலிருந்து கரையத் தொடங்குகிறது. ஆனால் பெயரை நம்பி அவசரப்பட்டால் அது ஒரே சீசனில் கரைந்துவிடும்.

பயிற்சியாளர் லைசென்ஸ் தனி. அது எடை போடும் விஷயமல்ல, வாசல். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் சி, பி, ஏ, ப்ரோ என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். உயர்மட்ட லீகுகளில் தலைமைப் பொறுப்புக்கு ப்ரோ கேட்பார்கள். அதில் சேர ஏ வேண்டும், இடங்களும் குறைவு. ஆடிக்கொண்டிருக்கும்போதே பி-யை முடித்துவைத்தவர் மற்றவர்களைவிட இரண்டு வருடம் முன்னால் நிற்கிறார்.

வழி 1: இளையோர் அணி

வெளியிலிருந்து பார்த்தால் இறக்கம்போலத் தெரியும் வழி. உள்ளே போனால் இதுதான் பணக்கார வழி, சம்பளத்தில் அல்ல.

ஜெர்மனியின் தாமஸ் டுஹெல் கீழ்ப்பிரிவுகளில் ஆடிய பின்கள வீரர். முழங்கால் போய், இருபதுகளின் நடுவிலேயே ஆட்டம் முடிந்தது. ஸ்டுட்கார்ட்டில் சிறுவர்களோடு தொடங்கி, ஆக்ஸ்பர்க் வழியாக மைன்ஸ் வந்து, 2009-இல் அந்தக் கிளப்பின் 19 வயதுக்குட்பட்டோர் அணியை ஜெர்மன் சாம்பியனாக்கினார். சில வாரங்களில் முதல் அணி, அதாவது பெரியவர்கள் ஆடும் முக்கிய அணி, அவர் கைக்கு வந்தது. 2021-இல் செல்சியோடு ஐரோப்பியக் கிளப்களின் உச்சப் பட்டமான சாம்பியன்ஸ் லீக். ஆக்ஸ்பர்க்கின் இரண்டாம் அணியில் அவரிடம் இருந்த இன்னொரு பின்கள வீரர் யூலியன் நாகல்ஸ்மன். அவருக்கும் முழங்கால், வயது 20. டுஹெல் அவரை எதிரணிகளை வேவு பார்க்க அனுப்பினார். நாகல்ஸ்மன் ஹொஃபன்ஹைம் 19 வயதுக்குட்பட்டோர் அணியோடு 2014-இல் சாம்பியன். 2016 பிப்ரவரியில், 28 வயதில், முதல் அணியின் பொறுப்பு. கீழ்ப்பிரிவுக்கு இறங்கவிருந்த அணியைத் தூக்கி நிறுத்தினார்.

இருவருக்கும் பெயர் என்று ஒன்று இல்லை. அதனால் இழக்கவும் ஒன்றுமில்லை என்று நீங்கள் சொல்லலாம். சரி, பெயர் உள்ளவரைப் பார்ப்போம். ருமேனியாவின் கிறிஸ்டியன் கிவு 2010-இல் இத்தாலியின் இன்டரோடு சாம்பியன்ஸ் லீக் வென்றவர். 2018-இல் அதே கிளப்பின் சிறுவர் அணியில் போய் நின்றார். படிப்படியாக ஏறி 2022-இல் 19 வயதுக்குட்பட்டோர் பட்டம். 2025 பிப்ரவரியில் பார்மா முதல் அணி, அதைப் பிரிவு இறங்காமல் காப்பாற்றிய கையோடு அதே ஜூனில் இன்டரின் தலைமைப் பயிற்சியாளர். ஏழு வருடம். ஒரு நாள்கூட வீணில்லை என்பேன்.

இந்த வழி ஏன் டிஃபெண்டருக்குப் பொருந்துகிறது? பையன்களுக்கு எல்லாவற்றையும் நீங்களே சொல்லித்தர வேண்டும். உதவிக்குத் தாக்குதல் கோச் கிடையாது. என்னைக் கேள்வி கேட்ட விங்கருக்கு ஒரு வாரம் கழித்துப் பதில் கிடைத்தது. நான் ஆடிய காலத்தில் எனக்கு எது எரிச்சலூட்டியதோ அதைத் திருப்பிப் போட்டேன். விங்கர் உள்ளே வரும்போது ஃபுல் பேக், அதாவது அவனுக்குப் பின்னால் அதே ஓரத்தில் நிற்கும் பின்கள வீரர், வெளியே ஓடினால், நான் யாரோடு போவது என்று அரை நொடி தடுமாறுவேன். அந்த அரை நொடிதான் பாடம். பின்கள வீரருக்குத் தாக்குதல் தெரியாது என்பதில்லை, பின்பக்கமிருந்து தெரியும். அதைத் திருப்பிப் போட அவகாசம் வேண்டும், அதை அகாடமி தருகிறது.

மறைந்திருக்கும் செலவுகள்: சம்பளம் ஆட்டக்காரர் காலத்துக் கணக்கில் சில்லறை. வாரக் கடைசிகள் போகும். பெற்றோர்களைச் சமாளிப்பது தனி உத்தியோகம். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: பையன்கள் சொன்னதைச் செய்வார்கள். முப்பது வயது ஆட்டக்காரர் "ஏன்?" என்று கேட்பார். சிறுவர்களிடம் மட்டுமே இருந்துவிட்டால் அந்த "ஏன்"-க்குப் பதில் சொல்லும் தசை வளராது.

யாருக்கு இது: காயத்தால் சீக்கிரம் நின்றவர்கள், பெயர் பெரிதாக இல்லாதவர்கள், வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் சேர்த்துவைத்தவர்கள்.

வழி 2: உதவிப் பயிற்சியாளர்

கேட்பவர்களில் பெரும்பாலோர் சாய்வது இந்தப் பக்கம்தான். பெரிய மைதானம், நல்ல சம்பளம், தோற்றால் பத்திரிகைக்காரர் முன் உட்காரப்போவது வேறொருவர். சௌகரியமான நாற்காலி. அதனாலேயே ஆபத்தானது.

நன்றாக அமைந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ரொனால்ட் கூமன். 1992 ஐரோப்பியக் கிளப் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஃப்ரீ கிக்கில் பார்சிலோனாவை ஜெயிக்கவைத்த அந்தப் பின்கள வீரர், 1998 உலகக் கோப்பையில் ஹூஸ் ஹிடிங்க்கின் உதவியாளர். பிறகு பார்சிலோனாவில் லூயி வான் ஹாலின் உதவியாளர். 2000-இல் விட்டெஸ்ஸேயிலும் 2001-இல் அயாக்ஸிலும் தலைமை, இரண்டும் நெதர்லாந்து கிளப்கள். இரண்டு வேறு வேறு தலைகளின் கீழ் வேலை பார்த்து, சீக்கிரமே எழுந்து போய்விட்டார்.

எழுந்து போகாவிட்டால்? இங்கிலாந்தின் முன்னாள் கேப்டன் ஜான் டெரி 2018-இல் ஆஸ்டன் வில்லாவில் டீன் ஸ்மித்தின் உதவியாளர் ஆனார். அடுத்த வருடமே அணி ப்ரீமியர் லீகுக்கு ஏறியது. 2021-இல் விலகினார், தலைமைப் பொறுப்பு தேடுவதற்காக. அது கைகூடவில்லை. செல்சி அகாடமிக்குத் திரும்பினார். "நல்ல உதவியாளர்" என்ற முத்திரை பாராட்டு மாதிரிதான் ஒலிக்கும்.

கேரி நெவில் கதையை எல்லோரும் 'அனுபவமில்லாமல் குதித்தவர்' என்ற கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அது முழுக்கச் சரியில்லை. 2015 டிசம்பரில் ஸ்பெயினின் வலென்சியாவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போகும்போது, பின்கள வீரராக இருந்த அவர் மூன்று வருடமாக இங்கிலாந்து தேசிய அணியின் உதவியாளர். ஆனால் தேசிய அணி எத்தனை நாள் கூடுகிறது? சில மாதங்களுக்கு ஒருமுறை, சில நாட்கள். திங்கள் முதல் சனி வரை தினமும் ஒரே இருபத்தைந்து பேரை வைத்து மாரடிக்கும் கிளப் வேலை அதில் வராது. அதோடு வேறு நாடு, வேறு மொழி. 28 ஆட்டம், 10 வெற்றி, பார்சிலோனாவிடம் 7-0. மார்ச் முடிவதற்குள் வேலை போயிற்று. ஆகவே உதவியாளர் பதவி என்று வந்தால் முதல் கேள்வி: தினசரிப் பயிற்சி உண்டா?

இனி, பின்கள வீரருக்கென்றே உள்ள பொறி. நீங்கள் சென்டர் பேக்காக இருந்ததால், தலைமைப் பயிற்சியாளர் முதல் நாளே சொல்வார்: "டிஃபென்ஸை நீ பார்த்துக்கோ." கௌரவமாக இருக்கும். மூன்று வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், ஏற்கெனவே தெரிந்ததையே மூன்று வருடம் செய்திருப்பீர்கள்.

மற்ற செலவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலைமை போனால் நீங்களும் போவீர்கள், பெட்டியைக் கட்டித் தயாராக வைத்திருக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் உங்களிடம்தான் மனக்குறையைக் கொட்டுவார்கள். அதே கிளப்பில் தலைமை ஏற்கும் நாளில், நேற்று வரை தோளில் கைபோட்டவனை நீங்களே பெஞ்சில் உட்காரவைக்க வேண்டியிருக்கும்.

வழி 3: நேரே முதல் அணியின் தலைமை

இந்த வழியில் போய் உலகக் கோப்பையே வென்றவர் உண்டு. 1974-இல் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கிய ஃப்ரான்ஸ் பெக்கன்பாவர் 1984-இல் மேற்கு ஜெர்மனி அணியின் பொறுப்பை ஏற்றபோது அவரிடம் பயிற்சியாளர் லைசென்ஸ் இல்லை. அதற்காகவே 'டீம்ஷெஃப்' (அணித் தலைவர்) என்று ஒரு பதவிப் பெயர் வைத்து, லைசென்ஸ் உள்ள ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தினார்கள். 1986-இல் இறுதி ஆட்டம், 1990-இல் கோப்பை. இதை முன்மாதிரியாகக் காட்டுபவரிடம் நான் கேட்பது, "நீங்க பெக்கன்பாவரா?" என்பது அல்ல. "உங்க பக்கத்தில் யாரை நிறுத்தப்போறாங்க?" என்பதுதான்.

யூர்கன் க்ளாப்பும் மௌரீசியோ பொச்செட்டினோவும் இன்னும் பொருத்தமான ஜோடி. க்ளாப் மைன்ஸில் ரைட் பேக்காக ஆடிக்கொண்டிருந்தவர். 2001 பிப்ரவரி கடைசியில், அணி மூன்றாம் பிரிவுக்கு இறங்கும் நிலையில், ஏறக்குறைய ஒரே இரவில் கோச் ஆக்கப்பட்டார். காப்பாற்றினார், 2004-இல் முதன்முறையாக அந்தக் கிளப்பை ஜெர்மனியின் முதல் பிரிவான பண்டஸ்லிகாவுக்கு ஏற்றினார். பொச்செட்டினோ 2009 ஜனவரியில் ஸ்பெயினின் எஸ்பான்யோலை எடுத்தபோது அதுவும் இறங்கும் இடத்தில்தான் கிடந்தது. சீசன் முடிவில் பத்தாம் இடம். இருவரும் அந்தந்தக் கிளப்பில் பல வருடம் ஆடியவர்கள். உடைமாற்றும் அறையில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதுவரை தெரியும். அணி குழியில் கிடந்ததால், மேலே வருவது எதுவானாலும் லாபம்.

இதற்கு நேர்மாறு காரெத் சவுத்கேட். 2006-இல் இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ, ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிளப் போட்டியான யூஈஎஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டம் வரை போயிருந்தது. கேப்டனான அவரையே அந்தக் கோடையில் தலைமைக்கு உட்காரவைத்தார்கள். ப்ரோ லைசென்ஸ் இல்லாததால் சிறப்பு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 12-வது இடம், 13-வது இடம், 2009-இல் 19-வது இடம், பிரிவு இறக்கம். அக்டோபரில் வேலை போயிற்று. அவர் கெட்டிக்காரர் இல்லை என்று இப்போது யாரும் சொல்ல மாட்டார்கள்: 2013-இல் இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்குப் போய்ப் புதிதாகத் தொடங்கினார், 2016-இல் தேசிய அணி, 2018 உலகக் கோப்பையில் அரையிறுதி, 2021-இலும் 2024-இலும் ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பையின் இறுதி ஆட்டங்கள். ஆனால் இளையோர் அணிக்குப் போக ஏழு வருடமும் ஒரு வீழ்ச்சியும் தேவைப்பட்டன.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: நேரே தலைமை என்றால், தெரிந்த கிளப், குழியில் கிடக்கும் அணி. உச்சியில் இருக்கும் அணியைப் புதிய கோச் எடுப்பது, வேறொருவர் வாங்கிய கடனை மாதாமாதம் அடைப்பது மாதிரி.

கீழ்ப்பிரிவுத் தலைமையும் இதில் சேர்த்திதான். தப்புக்கு இடம் அதிகம், பார்ப்பவர் குறைவு. ஆனால் கிளப்பின் கணக்குப் புத்தகத்தையும் பாருங்கள். இங்கிலாந்துக்கு 73 ஆட்டம் ஆடிய சோல் காம்பெல் 2018 நவம்பரில் நான்காம் பிரிவின் அடியில் கிடந்த மேக்கிள்ஸ்ஃபீல்டை எடுத்து, கடைசி நாளில் காப்பாற்றினார். அருமையான வேலை. அதே கிளப்பில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் வரவில்லை, 2020-இல் கிளப்பே கலைக்கப்பட்டது. மேலே யாரும் அந்தக் காப்பாற்றலை நினைவில் வைத்திருக்கவில்லை.

வழி 4: ஆடிக்கொண்டே பயிற்சி

வேண்டாம். இதற்கு நீளமான விளக்கம் தேவையில்லை. வின்சென்ட் கொம்பனி 2019-இல் பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட்டில் இரண்டையும் ஒன்றாகச் செய்யப் பார்த்தார். ஆரம்ப ஆட்டங்களில் வெற்றி வரவில்லை. ஆகஸ்ட் முடிவதற்குள் ஆட்ட நாள் பொறுப்பை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, களத்தில் கேப்டனாக மட்டும் நின்றார். 2020-இல் பூட்ஸைக் கழற்றிய பிறகுதான் கோச்சாக வளர்ந்தார்: இங்கிலாந்தின் பர்ன்லியில் 101 புள்ளிகளோடு இரண்டாம் பிரிவுப் பட்டம், மறுவருடம் இறக்கம், அதற்குப் பிறகும் ஜெர்மனியின் பயர்ன் அழைத்தது, 2025-இல் பண்டஸ்லிகா பட்டம். பந்து பின்னால் போகும்போது ஓடிக்கொண்டே, ஆள் மாற்றுவதையும் யோசிக்க ஒருவரால் முடியாது.

ஒரே பார்வையில்

| | இளையோர் அணி | உதவியாளர் | நேரே தலைமை |
|---|---|---|---|
| தப்புக்கு இடம் | நிறைய | உண்டு, பழி வேறொருவருக்கு | குறைவு. குழியில் கிடக்கும் அணியென்றால் கொஞ்சம் |
| முடிவு உங்கள் கையில் | முழுக்க | இல்லை | முழுக்க |
| தாக்குதல் பாடம் | கட்டாயம் | கேட்டு வாங்கினால் மட்டும் | கட்டாயம், ஆனால் நேரமில்லை |
| பெயர் | மெல்லக் கரையும் | தங்கும், முத்திரையும் விழும் | ஏறும் அல்லது ஒரே வருடத்தில் போகும் |
| மறைந்த செலவு | சம்பளம், வருடங்கள் | ஒரே தலையின் யோசனை | இரண்டாவது வாய்ப்பு |

இந்த அட்டவணையை வேதமாக எடுத்துக்கொள்பவர்களுக்காக நெதர்லாந்தின் முன்னாள் பின்கள வீரர் ஃப்ராங்க் டி போர். அயாக்ஸ் அகாடமி, 2010 உலகக் கோப்பையில் நெதர்லாந்தின் உதவியாளர், அதே டிசம்பரில் அயாக்ஸ் தலைமை. எல்லாப் படியும் முறைப்படி ஏறி, தொடர்ந்து நான்கு லீக் பட்டம். பிறகு 2016-இல் இன்டரில் 85 நாள். 2017-இல் கிரிஸ்டல் பாலஸில் நான்கு லீக் ஆட்டம், ஒரு கோல்கூட இல்லாமல் நான்கு தோல்வி. அயாக்ஸில் சிறுவர் அணி தொடங்கி முதல் அணி வரை ஒரே பாணி. அவர் சொல்லுமுன்பே ஆட்டக்காரர்களுக்குத் தெரியும். வெளியே அந்த மொழி யாருக்கும் தெரியாது. ஒரே வீட்டில் கற்றது அந்த வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் அபாயம் எந்த வழியிலும் உண்டு.

அந்த 34 வயதுக்காரருக்கு

கீழ்ப்பிரிவு கிளப்பை முதலில் தள்ளச் சொன்னேன். அவருக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. கடந்த இரண்டு வருடத்தில் மூன்று கோச் மாறியிருக்கிறார்கள். மிச்சம் இரண்டு. கையில் பி லைசென்ஸ் இருக்கிறது, ஏ-க்கு விண்ணப்பித்திருக்கிறார். வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது, அகாடமிச் சம்பளத்தில் அது அடையாது. என் மனம் இளையோர் அணிப் பக்கம்தான். ஆனால் கடன் அடைக்க வேண்டியவரிடம் அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அதனால், உதவியாளராகப் போவதென்றால் கையெழுத்துக்கு முன் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள் என்றேன். எதிரணி கார்னரைத் தடுக்கும் வேலை வேண்டாம், நம் அணி அடிக்கும் கார்னரும் ஃப்ரீ கிக்கும் என் பொறுப்பு என்று. கூடவே வாரத்தில் ஒரு மாலை கிளப்பின் சிறுவர் அணியோடு, சம்பளமில்லாமல்.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். சிறுவர் அணிக்குச் சம்மதமாம். கார்னருக்கு மட்டும் தலைமைக் கோச் சிரித்தாராம்: "நீ வாழ்க்கை முழுக்கத் தலையால முட்டி வெளியே தள்ளினவன், உனக்கெதுக்குய்யா அது?" அதனாலதான் கேட்கிறேன் என்று சொன்னாராம். இன்னும் பதில் வரவில்லை.